ஆட்ட அட்டையில் எழுதப்படாதவை

யூபிலி மலர்களுக்கென ஓர் அமைப்பு உண்டு. ஆசியுரைகள் முன்னே வரும். அதிபர்களின் படங்கள் அடுத்து வரும். பின்னர் ஆண்டறிக்கைகளும், விளையாட்டு அணிகளின் பெயர்ப் பட்டியல்களும், வென்ற கேடயங்களின் விவரங்களும் தொடரும். இவையெல்லாம் வேண்டியனவே. எனினும், இத்தகைய மலர்களைப் பல்லாண்டாகப் படித்துவரும் எமக்கு ஒரு குறை நெடுநாளாகத் தோன்றி வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இத்தனை ஓட்டம் எடுத்தார் என்று அறிகின்றோம். அதை எடுத்தவர் தம் வாயாற் சொன்ன ஒரு சொல்லையேனும் அவற்றிற் காண்பது அரிது. அக்குறையைப் பற்றியே இங்குச் சில எழுத விழைகின்றோம். தூரதேசத்து விளையாட்டொன்றிலிருந்து தொடங்குவோம். அவ்விளையாட்டு எம் கொச்சிக்கடையின் வாசல் வரை வந்துபோனதாகலின், அதனை முற்றிலும் அயலானதென்று சொல்வதற்கில்லை.

யாம் பிறந்து வளர்ந்த இடம் கொச்சிக்கடை. ஒருபுறம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயம். மறுபுறம் எல்லாச் சமயத்தாரும் சென்று நேர்த்தி வைக்கும் அந்தோனியார் கோயில். இவ்விரண்டுக்கும் அப்பால், கூப்பிடு தொலைவிலே, துறைமுகம். எம் இளமையிற் கப்பலின் ஊதலே எமக்கு மணிக்கூடாக இருந்தது. 1875 ஆம் ஆண்டு டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்பு 1885 இல் நிறைவெய்தியதும், அதுகாறும் காலித் துறையை நாடிய பெருங்கப்பல்கள் கொழும்புக்கு வரலாயின. அவுஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே செல்வன நிலக்கரி ஏற்றுதற்பொருட்டு இங்கே தங்கின. தங்கிய நேரத்திற் பயணிகள் கரையிறங்கினர். அவ்வாறு இறங்கியவர்களுள் விளையாட்டு வீரர்களும் இருந்தனர்.

1889 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கப்பலொன்றில் இரண்டு அமெரிக்க அணிகள் கொழும்பிலிறங்கின. ஒன்று சிக்காகோ நகரின் அணி. மற்றொன்று பல நகரங்களிலிருந்தும் தெரிந்தெடுத்த வீரர்களின் அணி. விளையாட்டுப் பொருள் வணிகராகிய அல்பேர்ட் ஸ்போல்டிங் என்பார், பேஸ்போல் எனப்படும் தம் நாட்டுத் தளப்பந்தாட்டத்தை உலகுக்குக் காட்டவும், தம் பண்டங்களுக்குச் சந்தை தேடவும் அவர்களை அழைத்து வந்தார். கொழும்பில் ஓர் ஆட்டம் ஆடிக் காட்டிவிட்டு அவர்கள் எகிப்துக்குச் சென்றனர்; அடுத்த மாதம் பிரமிட்டுகளின் அடியிலும் ஓர் ஆட்டம் ஆடினர். வந்த ஆட்டம் இங்கே வேரூன்றவில்லை. அதில் வியப்பில்லை. கொழும்பிலே 1832 முதற் கிறிக்கெற் ஆடப்பட்டு வந்தது. றோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் போட்டியும் 1879 இலேயே தொடங்கிவிட்டது. மட்டையும் பந்தும் பற்றி ஊருக்கு ஏற்கெனவே ஓர் எண்ணம் இருந்தது.

ஆயினும் வந்தவர்கள் எத்தகையோர் என்பது கருதத்தக்கது. அவர்கள் கூலி பெற்று விளையாடியவர்கள். விளையாட்டையே பிழைப்பாகக் கொள்வது அக்காலத்திற் புதுமை. 1869 இல் ஒகாயோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரில் அமைந்த அணியே, வீரர் அனைவர்க்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் பேஸ்போல் அணி. அதனை நடத்திய ஹரி றைற், இங்கிலாந்திற் பிறந்து கிறிக்கெற்றைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். அவர் தம்பி ஜோர்ஜ் றைற் அவ்வணியின் தலைசிறந்த வீரர். அவரது பருவச் சம்பளம் 1400 டொலர். அந்த ஜோர்ஜ் றைற், இருபது ஆண்டின் பின் நிகழ்ந்த ஸ்போல்டிங்கின் உலகச் சுற்றிலே நடுவராகவும் கிறிக்கெற் பயிற்றுநராகவும் உடன் சென்றார்.

அக்கப்பலிற் சென்ற மற்றொருவர் ஜோன் மொன்கொமெரி வோட். சட்டம் பயின்றவர், 1885 இல் வீரர்கள் அமைத்த சங்கத்தின் தலைவர். அவர் பயணத்திலிருந்த வேளை பார்த்து, அணி உரிமையாளர்கள் வீரர்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து, 1500 டொலர் முதல் 2500 டொலர் வரை சம்பளத்துக்கு வரம்பு கட்டினார்கள். அதன் விளைவாக 1890 இல் வீரர்கள் தமக்கெனத் தனியே ஒரு போட்டித் தொடரை நடத்தினர். அஃது ஓராண்டே நிலைத்தது. கரையிலே கைதட்டியவர்கள் கண்டது பந்தின் வேகத்தை. ஆடியவர்களின் உள்ளத்திலே சம்பளத்தைப் பற்றிய கவலை இருந்திருக்கும். ஆட்ட அட்டையில் இதற்கு இடமில்லை.

1913 இன் பிற்பகுதியிற் புறப்பட்ட வேறு இரு அணிகள், 1914 சனவரியிற் கொழும்புக்கு வந்தன. அவர்களுள் சாம் குறோபோட், ஹான்ஸ் லோபேட் என்னும் இருவரை வாசகர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். இவர்கள் கதை அரை நூற்றாண்டின் பின் எவ்வாறு மீண்டும் வெளிவந்தது என்பதே இக்கட்டுரையின் நடுப்பொருள்.

1961 யூலையில் ரை கொப் என்னும் புகழ்பெற்ற பழைய வீரர் காலமானார். நியூ யோர்க் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த லோறன்ஸ் றிற்றர் என்பவரின் தந்தையாரும் அக்காலத்தை ஒட்டி மறைந்தார். தந்தையின் தலைமுறை கண்ணெதிரே கழிந்து போவதைக் கண்ட மைந்தர், பாரமான ஒலிப்பதிவுக் கருவியொன்றை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, எஞ்சியிருந்த பழைய வீரர்களைத் தேடிப் புறப்பட்டார். முகவரிகள் கிடைப்பது அரிதாயிருந்தது. ஏறத்தாழ 75,000 மைல் அலைந்தார். குறோபோட்டைத் தேடிக் கலிபோர்னியாவின் சிற்றூரொன்றிற் பலரை வினவியும் பயனின்றி, சலவை இயந்திரங்கள் வைத்த கடையிலே அமர்ந்திருந்தவர், அருகிலிருந்த முதியவரைக் கேட்டார். அந்த முதியவரே குறோபோட்! ஒரே அடியில் மூன்று தளங்களைக் கடக்கும் அடிகளை 309 முறை அடித்து, இன்றுவரை எவராலும் விஞ்சப்படாதவர், அயலார் அறியாத கிழவராய்த் தம் துணி காயும்வரை காத்திருந்தார்.

இருபத்திருவர் கூறியவற்றை றிற்றர் 1966 இல் நூலாக்கினார். தம் வினாக்களை அகற்றிவிட்டு, அவர்கள் பேசிய வண்ணமே பேச விட்டார். நூலின் வருவாயையும் அவர்களோடு பங்கிட்டுக்கொண்டார். கொழும்பிலிறங்கிய குறோபோட்டும் லோபேட்டும் அந்த இருபத்திருவருள் உள்ளனர்.

அந்நூல் தருவது யாது? ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஸ்ரான் கொவலெஸ்கி என்பவர் பந்தைக் குறிதவறாது எறிவதிற் பேர்பெற்றவர். இவர் பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே சுரங்க வேலைக்குச் சென்றார். பொழுது விடியுமுன் சென்று பொழுது சாய்ந்தபின் மீளும் சிறுவனுக்கு விளையாட நேரமேது? மாலையிலே தகரப்பேணி ஒன்றை நிறுத்தி வைத்துக் கல்லாலெறிந்து பழகினார். அக்குறியே பின்னர் அவருக்குச் சோறு போட்டது. அவர் வென்ற ஆட்டங்களின் தொகையைப் புள்ளிவிவர நூல் சொல்லும். அத்தகரப்பேணியை அவர் வாய்மொழியன்றி வேறெது சொல்லும்? 1969 இல் அவர் அந்நாட்டுப் புகழ்மண்டபத்துக்குத் தெரிவு செய்யப்பட்டார். அந்நூலிற் பேசிய வேறு சிலருக்கும் அச்சிறப்பு அக்காலத்தை அடுத்தே கிட்டியது.

வாய்மொழியை நம்பலாமோ என்று எம் ஆசிரியர்கள் வினவுவார்கள். வினவ வேண்டியதே. அதே நூலிற் பேசிய றூப் மார்க்வாட் என்பவர், 1912 இல் தொடர்ந்து பத்தொன்பது ஆட்டங்களை வென்றவர். அது பதிவேட்டிலுள்ள உண்மை. ஆனால், தாம் வீட்டைவிட்டுப் புறப்பட்ட கதையில் அவர் தம் வயதைக் குறைத்தும் நிகழ்ச்சிகளை அழகுபடுத்தியும் சொன்னாரென்று பின்வந்த ஆய்வாளர் காட்டியுள்ளனர். முதுமையில் நினைவு தன்னிச்சையாகத் தளிர்விடும். ஆதலின், பேச்சைப் பதிவேட்டோடு ஒப்புநோக்கல் வேண்டும். அதற்காகப் பேச்சையே தள்ளிவிடுவது, சில நெல் பதரென்பதற்காக வயலை அறுக்காது விடுவதை ஒக்கும்.

இதனினும் முதன்மையானது பிறிதொன்று. றிற்றரின் முதற் பதிப்பிற் பேசிய இருபத்திருவருள் ஒருவரேனும் கறுப்பின மக்களுக்கெனத் தனியே நடந்த போட்டித் தொடர்களைச் சார்ந்தவரல்லர். 1947 இல் ஜக்கி றொபின்சன் வரும்வரை, அவ்வினத்தவர்க்கு இருபதாம் நூற்றாண்டின் பெரிய அணிகளில் இடமளிக்கப்படவில்லை. அவர்கள் தமக்கென அணிகள் அமைத்து, ஊரூராகச் சென்று ஆடினர். பெரிய பத்திரிகைகள் அவ்வாட்டங்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. கணக்குகள் பல சிதறிப் போயின. ஜோன் ஹோல்வே போன்றோர் அம்முதியவர்களைத் தேடிச் சென்று அவர்கள் சொல்லக் கேட்டுப் பதிந்தனர். ஹோல்வேயின் தொகுப்பு 1975 இல் வெளிவந்தது. வேறு பலர் பழைய செய்தித்தாள்களைத் துருவி ஆட்டக் கணக்குகளைத் திரட்டினர். 2020 இல் அத்தொடர்கள் பெருந்தரப் போட்டிகளாக ஏற்கப்பட்டன. 2024 இல் கணக்குகள் ஒன்றாக்கப்பட்டபோது, ஜொஷ் கிப்சன் என்னும் கறுப்பின வீரரின் வாழ்நாள் அடிச் சராசரி, ரை கொப்பின் சராசரியை விஞ்சி முதலிடம் பெற்றது. 1947 சனவரியிலேயே மறைந்த கிப்சன் அதனைக் காணவில்லை. எவருடைய ஏடுகள் குறைவோ அவருடைய வாய்மொழியே மிக அவசரமாகத் தேடப்படவேண்டியது. அவர்களிடமோ கருவி பெரும்பாலும் பிந்தியே செல்கின்றது.

இனி எம் வீட்டு முற்றத்துக்கு வருவோம்.

இலங்கையிலே கிறிக்கெற் நெடுங்காலம் சம்பளமில்லா விளையாட்டு. நன்றாக ஆடுபவனுக்கு வர்த்தக நிறுவனமொன்றில் எழுதுவினைஞர் வேலை கிடைக்கும். வாரநாளிற் பேரேடு, வாரவிறுதியில் மட்டை. 1899 இல் நிறுவப்பட்ட தமிழ் யூனியன் கழகத்தின் வனாத்தமுல்லை மைதானத்தில், இன்று பி. சரவணமுத்து அரங்கு எனப்படுவதில், 1982 பெப்ரவரியில் நாட்டின் முதலாவது ரெஸ்ற் ஆட்டம் நிகழ்ந்தது. அதன் பின்னரே விளையாட்டு மெல்ல மெல்லப் பிழைப்பாயிற்று. முந்திய தலைமுறையின் மகாதேவ சதாசிவம் 1947 இற் சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கெதிராக எடுத்த 215 ஓட்டங்கள் நூல்களில் உண்டு. 1977 இல் அவர் மறைந்தார். ரெஸ்ற் அணியில் ஆடிய சிறீதரன் ஜெகநாதன் 1996 இல் நாற்பத்து நான்காம் வயதிற் காலமானார். இலங்கையின் ரெஸ்ற் வீரர்களுள் முதலில் மறைந்தவர் அவரே. முதல் ஆட்டம் நிகழ்ந்து பதினான்கே ஆண்டில் அவ்வரிசை குறையத் தொடங்கிவிட்டது. ஷெகான் கருணாதிலக்க 2010 இல் வெளியிட்ட ‘சைனாமேன்’ என்னும் ஆங்கில நாவலிலே, மறக்கப்பட்ட தமிழ்ப் பந்துவீச்சாளர் ஒருவரை முதிய பத்திரிகையாளரொருவர் தேடி அலைகின்றார். அப்பந்துவீச்சாளர் கற்பனையாளர், தேடுதற்கான தேவை கற்பனையன்று.

கொச்சிக்கடையில் எம் அயலிலே, எம் கல்லூரியின் தொடக்ககால அணியொன்றில் ஆடிய அண்ணர் ஒருவர் வாழ்ந்தார். பெயர் சொல்வதை அவர் விரும்பார். சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறுதோறும் மாலையில் அவரிடஞ் சென்று, அவர் பேசுவதைக் கைப்பேசியிற் பதிந்து வந்தோம். றிற்றர் சுமந்து திரிந்த பாரம் எமக்கில்லை. சட்டைப்பைக்குள் அடங்குவதே போதுமாயிற்று.

எத்தனை ஓட்டம் என்று யாம் கேட்கவில்லை. மட்டை எங்கிருந்து வந்தது, மதியம் என்ன உண்டீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்றே கேட்டோம். கொழும்பில் எழுபதாண்டு வாழ்ந்தும் யாழ்ப்பாணப் பேச்சு மாறாத அவர் சொன்னார்: “தம்பி, எங்களிட்டை நல்ல மட்டை இரண்டுதான். அவுட்டாகி வாறவரிட்டை எல்லைக் கோட்டிலை நிண்டு மட்டையை வாங்கிக்கொண்டுதான் நான் உள்ளுக்குப் போறனான். பிடி அவற்றை வேர்வையிலை ஈரமாயிருக்கும்.”

பாய் விரித்த ஆடுகளத்திற் பந்து எவ்வாறெழும் என்பதையும், பாயை இழுத்து ஆணியடித்தவனே பெரும்பாலும் பன்னிரண்டாம் ஆட்டக்காரன் என்பதையும் சொன்னார். ஆட்டத்துக்காகவே தம்மை வேலைக்கெடுத்த நிறுவனமொன்று, ஆடும்போது விரல் முறிந்து பத்து நாள் படுத்தமைக்கு அந்நாட்சம்பளத்தைக் கழித்துக்கொண்டதையும் சிரித்துக்கொண்டே கூறினார். அவ்விரல் வளைந்தபடியே இருந்தது.

1948 மார்ச்சில், இங்கிலாந்து செல்லும் வழியிற் பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஒருநாள் ஆடியபோது, அண்ணர் பள்ளிச் சிறுவர். மாமனாரின் தோள்மீதிருந்து பார்த்தாராம். பிறட்மன் அன்று ஐம்பது ஓட்டமெடுத்தார் என்று உறுதியாகக் கூறினார். பதிவேடு இருபது என்கின்றது. ஆடுகளம் இரண்டு யார் குறைவாக அளக்கப்பட்டிருந்ததென்றும் அவர் கூறினார். அது பதிவேட்டிலும் உள்ளது. ஒன்று பிழை, ஒன்று சரி. இரண்டையும் யாம் அழிக்கவில்லை. சிறுவனொருவனின் கண்ணிற் பிறட்மன் ஐம்பதுக்குக் குறைந்து ஆட்டமிழப்பது இயலாததென்பதும் ஒரு செய்தியே.

அவரிடம் ஒரு கேடயமும் இல்லை, படமும் இல்லை, பத்திரிகை நறுக்கும் இல்லை. 1983 யூலையில் அவர் அப்போது குடியிருந்த வாடகை வீடு எரிந்தபோது, அணிப் படங்கள் ஒட்டிய கொப்பியும், நண்பர்கள் கையொப்பமிட்ட மட்டையும் அதனோடு எரிந்தன. அதற்கு ஈராண்டு முன்னர், 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததை நாமனைவரும் அறிவோம். நூலகம் எரிந்ததை உலகு அறிந்தது. வீடுதோறும் அலுமாரியில் எரிந்த ஒட்டுக்கொப்பிகளை எவர் எண்ணினார்? அந்த அண்ணரின் துடுப்பாட்ட வாழ்க்கைக்கு எஞ்சியிருந்த சான்று அவர் நாவும், அவ்வளைந்த விரலுமே.

ஒன்பது ஞாயிறுகள் பேசினார். பத்தாம் ஞாயிறு யாம் சென்றபோது வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றிருந்தனர். திரும்பி வரவில்லை. ஆண்டுத் திவசத்தன்று, கனடாவிலிருந்து வந்த அவர் மகளிடம் அப்பதிவைக் கொடுத்தோம். தந்தையார் கிறிக்கெற் ஆடியதையே அவர் அறிந்திருக்கவில்லை. “அப்பா எங்களுக்கு இதொண்டும் சொன்னதில்லை” என்றார். கேட்டவர் இல்லாமையாற் சொல்லவில்லை போலும்.

ஆதலின், இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர் சங்கத்தாரின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். எம் முதல் அணிகளில் ஆடியோருள் எஞ்சியிருப்போர் சிலரே. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் அவர்கள் சிதறி வாழ்கின்றனர். அங்கங்குள்ள பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஒருவரை நாடிச் செல்வாராக. வயதில் மூத்தவரை முதலிற் காண்க. நாளும் இடமும் கேட்பவர் பெயரும் பதிவின் தொடக்கத்திற் சொல்லப்படுக. அவர்கள் பேச்சைச் செந்தமிழாக்க முயலற்க. பேசிய தமிழே அவர்கள் முகம். பதிவேட்டோடு முரண்படுவதைத் தனியே குறித்து வைக்க, பேச்சைத் திருத்தற்க. தலைவர்களையும் சதமடித்தோரையும் மட்டுமன்றி, பாய் விரித்தவரையும், ஓட்டக் கணக்கெழுதியவரையும், மைதானம் பேணிய தொழிலாளியையும் கேட்க. கறுப்பின வீரர்பாற் கருவி பிந்திச் சென்ற கதை நமக்குள்ளும் நிகழாதிருக்கட்டும்.

பதிவுகளின் ஒரு படி கல்லூரி நூலகத்திலும், ஒரு படி குடும்பத்தாரிடமும் இருத்தல் வேண்டும். மூன்றாவது படியை, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் இணையவழி பேணிவரும் நூலகம் நிறுவனத்தார் போன்றோரிடம் ஒப்படைக்கலாம். ஒன்று அழியினும் மற்றவை எஞ்சும் என்பதை நாம் பெருவிலை கொடுத்துக் கற்றுள்ளோம்.

இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுதும், ஒரு கைப்பேசியும், குறுக்கிடாது கேட்கும் பொறுமையும் போதும். இப்போது கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கு இஃது ஏற்ற பணி. முதியவர்க்கோ, தம்மை ஒருவர் நாடி வந்தாரென்பதே பெருமகிழ்ச்சி. அடுத்த யூபிலி மலரிலே அணிப் பட்டியலின் அருகே அவர்கள் குரலும் இடம்பெறுக என வாழ்த்தி அமைகின்றோம்.